வெள்ளைச் சட்டையில் கம்புக்கூட்டு மஞ்சள்: துவைக்கத் துவைக்க அதிகமாகிறது

ஒத்தக்கடை ஜூனியர் | ஞாயிறு, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மூன்று வருடமாக ஜூனியர் வக்கீலாக இருக்கிறேன். வீடு திருப்பரங்குன்றம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, ஒத்தக்கடை வரை தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, கறுப்புக் கோட்டு, அதற்கு மேல் கவுன். கோடையில் கோட்டு கட்டாயமில்லை என்ற விலக்கு மற்ற கோர்ட்டுகளுக்குத்தான். உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் அது கிடையாது. சித்திரை வெயிலிலும் முழு உடுப்புதான்.

என்னிடம் இருப்பது ஆறு வெள்ளைச் சட்டைகள். ஆறிலும் அக்குளில் மஞ்சள். தீபாவளிக்கு எடுத்த சட்டை பங்குனிக்குள் பழுத்துவிட்டது. கறை இருக்கும் இடத்தைத் தொட்டால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. பார் சோப்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன், போகவில்லை. பிளீச்சிங் பவுடரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் மஞ்சள் இன்னும் அழுத்தமாகிவிட்டது.

மதியம் சேம்பரில் சாப்பிடும்போது எல்லோரும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போடுவார்கள். நான் மட்டும் கழற்றுவதில்லை. கேட்டால் குளிர்கிறது என்று சொல்ல முடியுமா, இந்த ஊரில்? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மேலூர்க்காரன் | ஞாயிறு, இரவு 10.15

எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி, உப்பைத் தொட்டு அந்த இடத்தில் நன்றாகத் தேய்த்து, வெயிலில் ஒரு மணி நேரம் போட்டு அலசுங்கள். எங்கள் அம்மா அப்படித்தான் செய்வார். புதுக் கறைக்கு நல்ல பலன் உண்டு. பழைய கறைக்கு நானும் செய்து பார்த்ததில்லை.

திருநகர்வாசி | ஞாயிறு, இரவு 10.40

சொட்டு நீலம் கொஞ்சம் கூடப் போடுங்கள், மஞ்சள் தெரியாது. பிளீச்சிங் ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை போட வேண்டும். நான் வேஷ்டிக்கு அப்படித்தான் போடுகிறேன், பளிச்சென்று இருக்கிறது.

சாயக்காரர் | திங்கள், காலை 6.20

தம்பி, பிளீச்சிங்கை இன்றோடு நிறுத்துங்கள். திருநகர் நண்பர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவர் வேஷ்டிக்குச் சொன்னது வேஷ்டிக்குச் சரி. வேஷ்டியில் அக்குள் கிடையாது. நான் மில்லில் பிராசஸிங் பிரிவில் 31 வருடம் இருந்தவன். வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும்தான் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

உடம்பு முழுக்க வருகிற வியர்வை தண்ணீரும் உப்பும்தான். அதனால் மஞ்சள் வராது. கம்புக்கூட்டில் இன்னொரு வகைச் சுரப்பி உண்டு. அது புரதமும் கொழுப்பும் கலந்து சுரக்கிறது. அதோடு நீங்கள் பூசுகிற ரோல்-ஆனும் சேர்கிறது. அதைப் பூசுகிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் கறை விறைப்பாக இருக்கிறது என்று எழுதியதுமே எனக்குப் புரிந்துவிட்டது. வியர்வையை நிறுத்துகிற வகையில் அலுமினிய உப்பு இருக்கும். அது வியர்வைத் துவாரத்தை அடைத்துத்தான் வேலை செய்கிறது. மிச்சம் இருப்பது வியர்வையில் உள்ள புரதத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து நூலில் ஒரு படலமாகப் படிகிறது. அட்டை மாதிரி என்றீர்களே, அது இந்தப் படலம்தான்.

சோப்புக்கு அசைவது எண்ணெயும் தூசியும். அலுமினியப் படலம் அதற்கு அசையாது, புளிப்புக்குத்தான் அசையும். அதனால்தான் மேலூர் அம்மாவின் எலுமிச்சம்பழம் வேலை செய்கிறது. ஆனால் உப்பை விட்டுவிடுங்கள். சொரசொரப்பாகத் தேய்த்தால் சட்டைத் துணி நைந்துபோகும்.

பிளீச்சிங் பவுடர் ஏன் கெடுக்கிறது? குளோரின் வியர்வைப் புரதத்தோடு சேர்ந்தால் மஞ்சளைக் கூட்டும். அப்புறம் உங்கள் சட்டை 'சுருங்காது' என்று விற்கிற வகையாக இருந்தால் அதன் மேல் ஒரு பிசின் பூச்சு இருக்கும். அதில் சில வகைப் பூச்சுகள் குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு மஞ்சளாகும், இஸ்திரிச் சூடு பட்டால் நூலையே அரிக்கும். இது கறை இல்லை, துணியின் காயம். அதைத் திருப்ப முடியாது.

நீலம் மஞ்சளை எடுக்காது, கண்ணுக்கு மறைக்கும். சுத்தமான துணிக்குப் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கறைக்கு மருந்து என்று நினைக்காதீர்கள்.

முறையை இரவு எழுதுகிறேன், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும்.

ஒத்தக்கடை ஜூனியர் | திங்கள், காலை 8.05

ஐயா, அப்படியே கண்ணால் பார்த்த மாதிரி சொல்லிவிட்டீர்கள். ரோல்-ஆன் காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. பூசியதும் சட்டையை மாட்டிவிடுவேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோட்டு மறைக்கிறதே என்று சில நாள் ஒரே சட்டையை இரண்டு நாள் போட்டிருக்கிறேன். ஆறில் இரண்டு சட்டை சுருங்காத வகை. இரவு காத்திருக்கிறேன்.

மருந்துப்பை | திங்கள், மதியம் 1.30

மெடிக்கல் ரெப் வேலையில் பன்னிரண்டு வருடம். பெரியார் நிலையத்திலிருந்து உசிலம்பட்டி வரை பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறவன். கறை எடுப்பதைச் சாயக்காரர் ஐயா சொல்லட்டும், வராமல் இருக்க என் அனுபவம் இது.

ரோல்-ஆனைக் காலையில் பூசாதீர்கள். இரவு குளித்து, நன்றாகத் துடைத்து, உலர்ந்த தோலில் மெல்லிசாகப் பூசுங்கள். தூங்கும்போது வியர்வை குறைவு, அப்போதுதான் அது உள்ளே போய் அடைக்கும். காலையில் குளித்தாலும் பலன் போகாது. மேலே நிற்கிற மிச்சம் மட்டும் சோப்போடு போய்விடும், சட்டையில் ஒட்டாது. எந்த டாக்டரும் இதை எனக்குச் சொல்லவில்லை, ஒரு தோல் மருந்தின் அட்டையில் படித்துக் கற்றுக்கொண்டேன். வெறும் வாசனை டியோடரண்ட் வேறு, வியர்வையை நிறுத்துவது வேறு. டப்பாவின் பின்னால் அலுமினியம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பனியன். நாம் போடுகிற கை இல்லாத பனியன் வயிற்றுக்கும் முதுகுக்கும்தான் உதவும். அக்குளில் துணியே இல்லையே! கடையில் ஆர்.என்.எஸ். என்று கேளுங்கள், கை வைத்தது. ஆர்.என். என்றால் கை இல்லாததைக் கொடுப்பார்கள். உள்ளே ஒரு துணி கூடினால் புழுங்கும் என்று நானும் நினைத்தேன். மெல்லிய பருத்தியாக எடுத்தால் புழுங்குவதில்லை. மஞ்சள் பனியனில் விழும், சட்டை தப்பிக்கும்.

சாயக்காரர் | திங்கள், இரவு 8.45

மருந்துப்பை சொன்னது அத்தனையும் சரி. இப்போது முறை.

முதல் நாள் புளிப்பு. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. அக்குள் பகுதி மட்டும் மூழ்கும்படி அரை மணி நேரம். பிறகு விரலால் கசக்குங்கள். விறைப்பு குறைந்திருந்தால் படலம் விடுகிறது என்று அர்த்தம். குறையவில்லையா, இன்னொரு அரை மணி நேரம். பிறகு வினிகர் வாசனை போகிற வரை அலச வேண்டும். இந்த அலசலில் சோம்பல் பட வேண்டாம். நீங்கள் பிளீச்சிங் போட்ட சட்டைகளை வினிகரில் போடுவதற்கு முன்பும் ஒரு முறை நன்றாக அலசிவிடுங்கள். பிளீச்சிங்கும் வினிகரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இதை மட்டும் யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஆக்சிஜன். மருந்துக் கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கேளுங்கள். காயம் கழுவ விற்கிற பாட்டில் பெரும்பாலும் 6 சதவீதம், 20 வால்யூம் என்று போட்டிருக்கும். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். அதில் நாலு கரண்டி, பாத்திரம் தேய்க்கிற லிக்விட் இரண்டு கரண்டி, ஆப்ப சோடா இரண்டு கரண்டி. குழைத்துக் கறையின் மேல் தடவி, பழைய பல் பிரஷ்ஷால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அலசி, வழக்கம்போல் துவைக்கலாம். கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், பெராக்சைடு பட்டால் தோல் வெளுத்து எரியும். குழைத்ததை மிச்சம் பிடித்து மூடி வைக்கவும் கூடாது. காற்று கிளம்பிக்கொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும்.

வினிகரையும் ஆப்ப சோடாவையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்கவிடுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க நன்றாக இருக்கும். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிடும், துணிக்கு எதுவும் மிஞ்சாது. தனித்தனியாக, நடுவில் அலசிச் செய்தால்தான் பலன். வினிகரும் பெராக்சைடும் ஒரே பாத்திரத்தில் கலக்கவே கூடாது.

நிறைய சட்டை இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் வசதி. வேனிஷ் மாதிரிப் பொடிகளில் இருப்பது அதுதான். கை பொறுக்கிற வெந்நீரில் கரைத்து நாலு மணி நேரம் ஊறப்போடுங்கள். பச்சைத் தண்ணீரில் அது சோம்பிப்போய்க் கிடக்கும்.

கடைசியாக ஒன்று. கறை போனதைப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் இஸ்திரி. பாதி போன கறையின் மேல் சூட்டுப் பெட்டி ஏறினால் அது சட்டையோடு தங்கிவிடும். தெருமுனையில் தேய்க்கிறவரிடம் மூட்டையாகக் கொடுத்தால் அவர் அதையெல்லாம் பார்க்க முடியாது. பிரித்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

வெள்ளாவி | செவ்வாய், இரவு 7.10

எங்கள் தாத்தா வைகைக் கரையில் துவைத்தவர். இப்போது எனக்கு மெஷின் வைத்த சலவைக் கடை. இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

தாத்தா காலத்தில் துணியை உவர்மண் கரைசலில் முக்கி, வெள்ளாவிப் பானையின் மேல் குவியலாக அடுக்கி, அடியில் தீ வைத்து ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் ஓடுகிற தண்ணீரில் அலசி, மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். வைகையில் தண்ணீர் ஓடிய காலம். கல்யாண வேஷ்டியெல்லாம் கொக்கு மாதிரி இருக்கும் என்று அப்பா சொல்வார். அப்படி வெளுத்த துணியில் மஞ்சள் நின்றதாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சாயக்காரர் ஐயா, அது எப்படி?

இன்னொன்று, கஞ்சி. சோறு வடித்த கஞ்சியோ ஜவ்வரிசிக் கஞ்சியோ போட்ட சட்டையில் அழுக்கு நூலுக்குள் இறங்காது. கஞ்சியின் மேல் உட்காரும், துவைக்கும்போது கஞ்சியோடு சேர்ந்து போய்விடும். இன்றைக்கும் கதர்ச் சட்டைக்காரர்களுக்கு நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன்.

மருந்துப்பை | செவ்வாய், இரவு 8.00

அண்ணே, கஞ்சி போட்ட சட்டையோடு கோட்டும் போட்டால் மனிதர் வெந்துவிடுவார். காற்றே உள்ளே வராது. மேடையில் உட்காருகிறவர்களுக்குச் சரி, அலைகிறவர்களுக்குச் சரிப்படாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

வெள்ளாவி | செவ்வாய், இரவு 8.25

முழுச் சட்டைக்கும் வேண்டாம். அக்குளுக்கும் காலர் உள்பக்கத்துக்கும் மட்டும் நீர்த்த கஞ்சியைத் துணியால் ஒற்றித் தேய்த்தால் போதும். மாதக்கணக்கில் மடித்து வைக்கிற சட்டைக்கு மட்டும் கஞ்சி ஆகாது, இராமபாணப் பூச்சி அரித்துவிடும்.

சாயக்காரர் | செவ்வாய், இரவு 9.30

வெள்ளாவி தம்பி கேட்டது அருமையான கேள்வி. உவர்மண்ணில் இருப்பது சோடா. காரமும் ஆவியும் சேர்ந்தால் எண்ணெயையே சோப்பாக மாற்றிவிடும். மில்லில் பெரிய கொதிகலனில் நாங்கள் செய்ததும் அதே வேலைதான். பிறகு ஈரத்துணியின் மேல் வெயில், அதுவும் ஒரு வெளுப்பு. உங்கள் தாத்தாவுக்குப் படிப்பு தேவைப்படவில்லை, மண்ணே மருந்தாக இருந்தது.

ஆனால் அந்தக் காலத்துக் கம்புக்கூட்டில் அலுமினியம் இல்லை. எண்ணெய்ப் பழுப்பு மட்டும்தான், அதற்குக் காரம் போதும். இன்றைய சட்டையை வெள்ளாவியில் வைத்தால் பொத்தானும் காலர் பசையும் கெட்டுவிடும், அலுமினியப் படலமும் முழுதாகப் போகாது. நோய் மாறியதால் மருந்தும் மாறுகிறது.

கஞ்சியில் நான் வெள்ளாவி பக்கம்.

மல்லிகைப்பந்தல் | புதன், மதியம் 3.40

சட்டைக்காரர்கள் நடுவில் நான் ஒரு பட்டு ரவிக்கைக் கேள்வி கேட்கலாமா? வைகாசியில் மட்டும் ஐந்து முகூர்த்தம். கல்யாண வீட்டிலிருந்து வந்ததும் ரவிக்கையை அப்படியே பீரோவில் வைத்துவிடுவேன். அடுத்த முறை எடுத்தால் அக்குளில் வெள்ளையாக ஒரு வளையம், சாயமும் அங்கே வெளுத்திருக்கிறது. ஐயா சொன்ன பெராக்சைடு பட்டுக்கும் ஆகுமா?

சாயக்காரர் | புதன், மாலை 6.15

வேண்டவே வேண்டாம் அம்மா. சாயப் பட்டில் பெராக்சைடு போட்டால் ரவிக்கை திட்டுத்திட்டாகிவிடும். கறை நீக்கும் என்சைம் பவுடரும் பட்டுக்கு ஆகாது. அது புரதத்தைத் தின்கிற பொருள், பட்டே புரதம்தான். ஆப்ப சோடா மாதிரிக் காரமும் பட்டுக்குப் பகை.

வெள்ளை வளையம் வெறும் உப்பு. அது பச்சைத் தண்ணீரிலேயே போகும். முதலில் உள்மடிப்பில் ஓர் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சாயம் இறங்கவில்லை என்றால் அக்குளை மட்டும் அலசாமல் ரவிக்கை முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்தி எடுங்கள். ஒரு பகுதி மட்டும் நனைந்தால் நீர்க்கோடு விழும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர் இன்னும் நல்லது. வெளுத்துப்போன சாயம் திரும்பாது, அதை நினைத்து மனசைக் கஷ்டப்படுத்திக்கொள்ளாதீர்கள்.

குன்னத்தூர் சத்திரம் டெய்லர் | புதன், இரவு 9.05

அக்கா, மீனாட்சி கோயில் எதிரே புது மண்டபத்தில் கடை இருந்த காலத்திலிருந்து தைக்கிறேன். பட்டு ரவிக்கை தைக்கும்போதே அக்குளில் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகப் பிறை வடிவத்தில் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். அதையே பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் கழற்றித் துவைக்கலாம். ஏற்கெனவே தைத்ததிலும் வைக்க முடியும், அரை மணி நேர வேலை.

வக்கீல் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். ரெடிமேடு சட்டையில் கைக்குழி இறுக்கமாக இருந்தால் வேர்வை முழுக்க அந்தத் தையலிலேயே பிழிந்து நிற்கும். அளவு கொடுத்துத் தைக்கும்போது கைக்குழியை அரை அங்குலம் இறக்கிவிடச் சொல்லுங்கள். கோட்டுக்குள்ளும் கை சுலபமாக ஆடும்.

ஒத்தக்கடை ஜூனியர் | ஞாயிறு, இரவு 8.30

ஒரு வாரம் கழித்து வருகிறேன். நேற்றும் இன்றும் ஐயா சொன்னபடியே செய்தேன்.

நாலு சாதாரணப் பருத்திச் சட்டைகளில் மூன்றில் மஞ்சள் முழுதாகப் போய்விட்டது. வினிகரில் இருந்து எடுத்ததுமே விறைப்பு போய் துணி துணியாக இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. நாலாவதில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் மட்டும் லேசான நிழல். இன்னொரு தடவை செய்யப்போகிறேன். சுருங்காத வகை இரண்டும் அப்படியே இருக்கின்றன. பிளீச்சிங்கில் அதிக நேரம் ஊறியவை அவைதான். ஒன்றைக் கையால் இழுத்துப் பார்த்தபோது அக்குள் தையலோரம் கிழிந்தேவிட்டது.

இரவில் ரோல்-ஆன் பூச ஆரம்பித்து ஆறு நாள். ஆர்.என்.எஸ். பனியன் விளக்குத்தூண் பக்கம் ஆறு வாங்கினேன். வந்ததும் சட்டையை ஆணியில் மாட்டாமல் அக்குளை மட்டும் குழாயில் அலசிக் கொடியில் போடுகிறேன்.

ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் போர் தண்ணீர். சோப்பு நுரைப்பதே இல்லை. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. மெஷினில் கழிந்து வருகிற தண்ணீரைப் பிடித்துத் துவைக்கிறோம். பரவாயில்லையா?

சாயக்காரர் | ஞாயிறு, இரவு 9.15

மூன்று சட்டை தேறியது சந்தோஷம். கிழிந்ததற்கு வருத்தம்தான், காயம் என்று சொன்னது அதைத்தான்.

ஆர்.ஓ. கழிவு வேண்டாம். குடிக்கிற தண்ணீரிலிருந்து நீக்கிய சுண்ணாம்பும் உப்பும் எல்லாம் அதில்தான் கூடி நிற்கும். போர் தண்ணீரைவிட அது கடினம். வாசல் கழுவ, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கடினத் தண்ணீரில் பார் சோப்பு போட்டால் சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து கரையாத பிசுக்காகும், வெள்ளைத் துணி சாம்பல் பூக்கும். போர் தண்ணீருக்குச் சோப்புக் கட்டியைவிட டிடர்ஜென்ட் பவுடர் மேல். கொஞ்சம் சலவைச் சோடாவும் சேர்க்கலாம். கடைசி அலசல் மட்டும் மாநகராட்சித் தண்ணீரில் இருக்கட்டும். ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது, வெள்ளைச் சட்டையின் கடைசி அலசலுக்கு அது நல்ல தண்ணீர்.

மருந்துப்பை | ஞாயிறு, இரவு 9.40

தம்பி, இதையெல்லாம் செய்தும் ஏ.சி. அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட வியர்வை கொட்டினால் தோல் டாக்டரைப் பாருங்கள். அதிக வியர்வைக்கு வைத்தியம் இருக்கிறது. இரவில் திடீரென்று நனைகிற அளவு வியர்த்து எடையும் குறைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதற்குக் காரணம் வேறாக இருக்கும்.

ஒத்தக்கடை ஜூனியர் | திங்கள், இரவு 7.50

எனக்கு வெயிலில் மட்டும்தான் அண்ணே, நன்றி. இன்று மதியம் கோட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிட்டேன்.

கழற்றிய பிறகுதான் கோட்டின் லட்சணம் தெரிந்தது. உள் லைனிங்கில் அக்குளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் டிரை கிளீனிங் கொடுத்து வாங்கினேன். வாசனை போயிருந்தது, கோடு போகவில்லை. கேட்டதற்கு அது பழைய கறை, போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

வெள்ளாவி | திங்கள், இரவு 8.20

டிரை கிளீனிங்கில் தண்ணீர் கிடையாது, கரைப்பான்தான். எண்ணெய்க் கறை போகும், வேர்வை உப்பு அதில் கரையாது. கொடுக்கும்போதே இது வேர்வை, தண்ணீர் ஒற்றிச் செய்யுங்கள் என்று இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டும். வீட்டில் என்றால் லைனிங்கை மட்டும் வெளியே இழுத்து, நீர்த்த வினிகரில் முக்கிப் பிழிந்த துணியால் ஒற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு மூன்று முறை. தேய்க்காதீர்கள். கோட்டின் மேல் துணியில் ஈரம் இறங்கக் கூடாது.

ஒத்தக்கடை ஜூனியர் | திங்கள், இரவு 8.35

சரி அண்ணே. நாளைக்குக் கோர்ட்டிலிருந்து வந்ததும் ஒற்றி எடுத்து, உள்பக்கம் திருப்பி ராத்திரி மொட்டை மாடியிலேயே போட்டுவிடுகிறேன். காலை வெயில் பட்டால் நன்றாகக் காய்ந்துவிடும்.

சாயக்காரர் | திங்கள், இரவு 8.50

வெயில் வேண்டாம் தம்பி, கறுப்பு செம்பட்டையாகிவிடும். வீட்டுக்குள் ஃபேனுக்கு அடியில், தோள் அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள்.